மூன்று பங்கு, ஒரு மார்ச்

கல்முனை பஸாரை ஊடறுத்துப் போகும் வீதிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏ4. மட்டக்களப்பில் தொடங்கும் அது சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகவே தெற்கே இறங்குகிறது. பொத்துவிலில் கடலை விட்டு மேற்கே கிறுகி, மொனராகலை, வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி என்று மலையேறி இறங்கிக் கொழும்பில் போய் முடிகிறது. மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரார் இந்த வீதியில் போகும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: பாஸ்போட், விசா, பெரியாஸ்பத்திரி, கல்யாணச் சாமான். வாப்பாமார் காலத்தில் பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில் இருக்கும் தப்தர் ஜெய்லானிக்கு ஸியாரத்துக்காகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கார்ப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு மலிவான கார் தேடிப் போனவர்கள் எங்களுக்கு முன்னால் யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆசை என்னுடையதல்ல. மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் என் மருமகன், நிந்தவூரில் குடும்பத்துக்கு நெல் ஆலை உள்ள அவனுடைய கூட்டாளி, கட்டாரில் கராஜில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய சாய்ந்தமருதுத் தம்பி ஆகிய மூன்று பேருடையது. கட்டார்த் தம்பிதான் விதை போட்டவன். லுசைல் தடத்தில் சாதாரண ஆட்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து, காசு கட்டி, போட்டி எதுவுமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டுப் போவதை அவன் அங்கே பார்த்திருக்கிறான். முந்தினவன் பிந்தினவன் கணக்குக் கிடையாது. நேரக் கணிப்பு கூடப் பல இடங்களில் இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்வதும் வேகத்தை அதற்குரிய இடத்தில் தீர்த்துக்கொள்வதும்தான் நோக்கம். பெருநாள் பின்னேரங்களில் எங்கள் கடற்கரை வீதியில் பையன்கள் மோட்டார் சைக்கிளை முறுக்குவதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வேகத்தை வேலி போட்ட ஓர் இடத்துக்குக் கொண்டுபோவதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கூடப் போனேன்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை அப்படி ஓர் இடம் இல்லை. இலங்கையில் தார்த் தடம் என்றால் எல்லாம் மேற்கே: களுத்துறைக்குத் தெற்கே கட்டுகுருந்த, பாணந்துறைப் பக்கம் பண்டாரகம, குருநாகல் மாவட்டத்துப் பன்னல. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கிய பழைய குதிரை. ஆனால் அது நேரத்தோடு போட்டியிடுவது, பழகுவதற்குரிய இடமல்ல. எங்களுக்குக் கட்டுகுருந்ததான் இலக்கு. கல்முனையிலிருந்து ஒரு வழிக்கே 350 கிலோமீட்டரைத் தாண்டும்.

சனிக்கிழமை சுபஹ் தொழுத கையோடு மருமகனின் வேகன் ஆரில் புறப்பட்டோம். வெள்ளி ஜும்ஆ முடிந்து கிளம்பலாம் என்று நிந்தவூரான் சொன்னதை நான் ஏற்கவில்லை. மொனராகலைக்கு அந்தப் பக்கம் மலைவீதியில் இரவாகிவிடும். லாகுகலையில் யானை வீதிக்கு ஏறுவதும் பொழுது சாயத்தான்.

அக்கரைப்பற்று தாண்டியதும் பேச்சு காருக்கு வந்தது. கட்டார்த் தம்பி கையில் ஒரு பட்டியல். ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், ஃபோர்ட் லேசர், டொயோட்டா ஸ்டார்லெட், நிசான் மார்ச். உலகத்தில் இந்தப் பழக்கம் உள்ளவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது 1989இல் வந்த மஸ்தா எம்எக்ஸ்-5ஐ. பாரம் குறைந்த, பின்சக்கர இழுவையுள்ள இரண்டு சீட் கார். எங்கள் நாட்டில் அது தென்பட்டால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள், அவ்வளவு அரிது. அமெரிக்காவில் 500 டொலருக்கு மேல் பெறுமதியில்லாத காரில்தான் ஓட வேண்டும் என்று ‘லெமன்ஸ்’ என்ற ஒரு கேலிப் பந்தயத்தை 2006இல் தொடங்கினார்கள். 500 டொலருக்கு இங்கே ஓட்டோக்கூடக் கிடைக்காது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கிழட்டுக் காருக்கெல்லாம் கொம்பு முளைத்துவிட்டது. அதனால் ‘மலிவு’ என்பதை நாங்கள் விலையில் தேடவில்லை. வாங்கிய பிறகு எவ்வளவு தின்னும் என்பதில் தேடினோம்.

கோமாரியில் கட்டார்த் தம்பி சிவிக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தான். மருமகன் ஒரே கேள்வி கேட்டான்.

“மச்சான், அத ஆரு அங்க கொண்டு போற? லொறியில ஏத்தியா?”

அதுவரை பேசிய பட்டியல் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது. கொழும்புக்காரனுக்குத் தடம் ஒரு மணித்தியால ஓட்டம். அவனுடைய கார் வழியில் நின்றால் இழுத்துக்கொண்டு போக ஆள் உண்டு, இரவு சொந்த வீட்டில் படுக்கலாம். எங்கள் காரோ பொத்துவிலும் லாகுகலையும் கொஸ்லந்தை ஏற்றமும் தாண்டித் தன் காலில் போய்ச் சேர வேண்டும். பகல் முழுக்கக் கொளுத்தும் வெயிலில் சுற்ற வேண்டும். மறுகா, அதே காலில் ஊருக்குத் திரும்பவும் வேண்டும். லொறி வாடகையையும் சாரதிக் கூலியையும் கணக்குப் பார்த்தால் சில பயணத்திலேயே காரின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார், எரிச்சலூட்டும் சைலன்சர் மாட்டிய கார், வெல்லவாயப் பொலிஸார் நிறுத்தி விசாரிக்கும் கார் எதுவும் எங்களுக்கு உதவாது. தடத்துக்கு மட்டுமென்று செய்த காரைக் கிழக்குக் கரையில் வைத்திருப்பது வீண்.

லாகுகலைக் காட்டுக்குள் ஏ4 நேராகவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் பச்சை, குளத்தருகே கொக்கு. காலையில் யானை எதுவும் வரவில்லை. சியம்பலாண்டுவையில் தேத்தண்ணி குடித்தோம். கடைக்காரர் சிங்களத்தில் எங்கே பயணம் என்று கேட்க, கார் பார்க்க என்றோம். “மேங் கார் எக்கக் தியெனவானே” என்று வேகன் ஆரைக் காட்டிச் சிரித்தார். கார் ஒன்று இருக்கிறதுதானே என்றார், அதுவும் நியாயம்தான்.

வெல்லவாயவுக்குப் பிறகு வீதி எழும்புகிறது. 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே இருக்கிறது. அங்கே போட்டோ எடுக்க நிறுத்துவார்கள். நாங்கள் வேறு காரணத்துக்காகவும் நிறுத்தினோம். வாங்கப்போகும் கார் எதுவானாலும் திரும்பி வரும்போது பெரகலையிலிருந்து வெல்லவாய வரை இந்தச் சரிவில் இறங்கியாக வேண்டும். பிரேக்கைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சை மண்டபம் கிடையாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். புதிதாகத் திறந்த டொட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கலாம். கடலோரத்தில் வருடக்கணக்காக மாற்றாமல் விட்ட எண்ணெயின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். மிதித்தால் கால் தரைவரை போகும், கார் நிற்காது. தடத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த எண்ணெயை முழுக்க இறக்கிப் புதிதாக நிரப்புவது. மற்ற அலங்காரமெல்லாம் பிறகு.

பெரகலைச் சந்தியில் வலப்பக்கம் ஏறினால் அப்புத்தளை, அங்கிருந்து தியத்தலாவ. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். ஊரில் கார்ப் பந்தயம் என்று வாய் திறந்தால் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். மருமகனின் உம்மாவான என் தங்கச்சியும் அவனிடம் இதைச் சொல்லித்தான் அழுதாள். சந்தியில் வண்டி மெதுவானபோது ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சி நாளில் ஓரத்தில் கூட்டம் கிடையாது, முந்துவதற்கு இடமும் முறையும் சொல்லித்தருவார்கள் என்று நான் தங்கச்சிக்கு விளக்கியிருக்கிறேன். அவள் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. நம்பாமல் இருப்பதும் நல்லதே. ஹெல்மட், நல்ல சீட் பெல்ட், தீயணைப்புக் குப்பி மூன்றையும் காரின் விலைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று அவள்தான் எங்களை எழுதவைத்தாள்.

பலாங்கொடையில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, முன்பே தொலைபேசியில் பேசி வைத்த இரண்டு காரைப் பார்த்தோம். எதற்கு மலைப்பக்கத்தில் கார் தேடுகிறீர்கள், கல்முனையில் இல்லையா என்று கேட்கலாம். எங்கள் கரையில் உப்புக் காற்று. வெளியே பளபளக்கும் காரின் கதவடி ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் தகரம் பொரிந்து உதிரும். மலைக் காருக்குத் துரு குறைவு, ஆனால் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். கிளச்சை மாற்றலாம், பிரேக்கை மாற்றலாம், தகரத்தை என்ன செய்வது?

முதல் கார் ஒரு லேசர். இலங்கைப் பந்தயங்களில் லேசருக்கும் அதன் உடன்பிறப்பான மஸ்தாவுக்கும் தனி வகுப்பே வைத்து ஓடியிருக்கிறார்கள். அதனால் பழகிய பாஸ்மாரும் கழற்றிய உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் இந்த லேசரை யாரோ ஏற்கெனவே ஓட்டக் காராக்கி, மீண்டும் வீட்டுக் காராக்கி, இரண்டும் கெட்டான் நிலையில் விட்டிருந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். திறந்த தாளில் கைமாறி வந்த கார். கட்டார்த் தம்பி எஞ்சினைக் கேட்கவே இல்லை, புத்தகத்தைப் பார்த்ததும் பொனற்றை மூடிவிட்டான்.

இரண்டாவது வெள்ளை மார்ச், கே11. 1992 முதல் 2002 வரை ஜப்பானில் செய்த வடிவம். மைக்ரா என்ற பெயரில் 1993இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கிய முதல் ஜப்பான் கார். எங்கள் நாட்டில் டீச்சர்மாரின் கார் என்றுதான் அதற்குப் பேர். 997 சிசி எஞ்சின், 60 குதிரைவலுவை ஒட்டிய பலம், பாரம் 800 கிலோவைச் சுற்றி. எஞ்சினுக்குள் பெல்ட் இல்லை, சங்கிலி. ஆகவே குறித்த கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. சின்னச் சக்கரம் என்பதால் டயரும் மலிவு. இதில் ஒரு பொறி உண்டு: இங்கே வந்த மார்ச்களில் கணிசமானவை ஓட்டோ கியர். சிலவற்றில் பட்டி ஓடும் சிவிடி. அது தடத்துக்கு ஆகாது, சூடேறிச் செத்துப்போகும். இது கையால் போடும் ஐந்து கியர். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், புத்தகமும் அவர் பேரிலேயே இருந்தது. விலை இருபது இலட்சத்துக்கு மேல் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று விடைபெற்றோம்.

நிந்தவூரானுக்கு மனம் ஒப்பவில்லை. “என்னகா, உம்மாட காரப் போல இரிக்கி” என்றான் காருக்குள் ஏறியதும்.

அவனுக்குப் பதில் அடுத்த நாள் கட்டுகுருந்தையில் கிடைத்தது. இரத்தினபுரியில் ஏ4ஐ விட்டுப் பிரிந்து, இங்கிரிய, ஹொரணை, பண்டாரகம வழியாகப் பாணந்துறைக்கு வந்து, களுத்துறையில் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கினோம். கட்டுகுருந்த, இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை. அக்காலத்தில் அதற்கு ‘எச்எம்எஸ் உகுஸ்ஸா’ என்று கப்பல் பெயர் வைத்திருந்தார்கள். போர் முடிந்த பிறகு ஓடுபாதைகள் கார்க்காரர் கைக்குப் போவது உலக வழக்கம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு விமானத் தளம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரமும் போர்க்கால ஓடுபாதையே. இலங்கை ஓட்டுநர்களும் அங்கே போய் ஓடியிருக்கிறார்கள். சோழவரம் என்றதும் கோயம்புத்தூர் கரிவரதன் நினைவுக்கு வருகிறார். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர், காசுக்குக் குறைவில்லாதவர். ஆனால் இந்தியாவில் பந்தயத்தைப் பரவலாக்க அவர் பிடித்தது மாருதி 800இன் எஞ்சினை. அந்த 796 சிசி எஞ்சினைப் போட்டு 1980களின் கடைசியில் ‘ஃபோர்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரைச் செய்தார். தெருவெல்லாம் ஓடும் காரின் எஞ்சின் என்றால் உடைந்தால் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் ஓடி மேலே போனவர். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் மார்ச் யோசனைக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை அங்கே பயிற்சி நடந்தது. பெரிய கார்கள் இழுவை வண்டியில் வந்து இறங்கின. எங்கள் கண் ஓரமாக நின்ற ஒரு பழைய சிவிக்கின் மேல். இரண்டு பேரின் கூட்டுக் கார். ஒருவர் கால் மணித்தியாலம் ஓட்டிவிட்டு இறங்க, மற்றவர் ஹெல்மட்டோடு காத்திருந்து உடனே ஏறினார். சீட்டை முன்னே இழுக்க மட்டும் நேரம். நீண்ட ஓடுபாதையின் முடிவில் கடைசி நேரம் வரை மிதித்துப் பிடித்து, பிரேக்கை அழுத்தித் திருப்புகிறார்கள். நாலைந்து முறை ஆள் மாறியதும் முன் சக்கரத்திலிருந்து புகையும் கருகல் மணமும். சூட்டு முள் ஏறிவிட்டது. காரை ஓரங்கட்டினார்கள். இருவரும் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

கட்டார்த் தம்பி அப்போதுதான் விளங்கியது போலச் சொன்னான்: “ஆள் மாறினா ஆளுக்குத்தான் ஓய்வு. காருக்கு எங்க ஓய்வு?”

தனியாள் கார் அவனோடு சேர்ந்து களைப்பாறும். அவன் தண்ணி குடிக்கும்போது எஞ்சின் ஆறும், பிரேக் ஆறும். மூன்று பேர் கூட்டு என்றால் மூன்று பேரின் ஆசையும் ஒரே ரேடியேட்டரில் இறங்கும். பலம் கூடிய கார் கூடிய சூட்டை உண்டாக்கும். பாரம் கூடினால் பிரேக் கூடுதலாகத் தேயும். கூட்டுக்கு வாங்குவதானால் சொந்தத்துக்கு வாங்குவதைவிட ஒரு படி பலம் குறைந்ததை வாங்க வேண்டும். மார்ச்சின் 60 குதிரைவலு மற்றவர் கண்ணுக்குக் குறைவாக இருக்கலாம். அந்தக் குறைவுதான் மூன்று பேரைத் தாங்கும். ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவைத்து, பிறகு கால் மணித்தியாலம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது எங்கள் முதல் சட்டமாயிற்று. அதன்படி ஒருவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓட்டம் சுருங்கும். நிந்தவூரான் முகமும் சுருங்கியது. அந்தச் சிவிக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவனே தலையாட்டினான்.

திங்கட்கிழமை பலாங்கொடையில் மார்ச்சுக்கு முற்பணம் கொடுத்தோம். விலையில் கொஞ்சம் இறங்கினார். ஆசிரியர் காரைத் தடவிக் கொடுத்து, “ஹெமின் யன்ன” என்றார். மெதுவாகப் போங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு மூன்று பேரும் எங்கேயோ பார்த்தார்கள்.

ஒப்பந்தத்தை எழுதியது அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில். லீசிங் எடுத்து வட்டி கட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு. எனவே கையிருப்புத்தான், அதில்தான் சிக்கல். நிந்தவூரானுக்குக் காசு புழங்குவது பெரும்போக அறுவடை முடிந்து ஆலை ஓடும் மாதங்களில். மருமகனுக்கு நோன்பு மாதத்து வியாபாரத்தில். கட்டார்த் தம்பிக்குக் கராஜில் அன்றன்றைக்கு வருவதுதான். மூன்றில் ஒரு பங்கு என்று சமமாகப் பிரித்தால் மாதாமாதம் யாராவது ஒருவன் கடனாளி. எங்கள் கரைவலையில் இதற்கு முறை உண்டு. மீன் விற்ற காசில் செலவை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள், வலையைத் தைப்பதற்கு யாரிடமும் கை நீட்டுவதில்லை. அதே வழியில் போனோம். கார் விலையில் நிந்தவூரான் பாதி, மருமகன் பாதி. கட்டார்த் தம்பியின் முதல் அவனுடைய கை. பராமரிப்பு வேலை முழுக்க அவனுடையது, அதற்குக் கூலி கிடையாது, விற்கும்போது மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. முஷாரகா என்று மௌலவிமார் சொல்லும் கூட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை ஊருக்குப் போய்க் கேட்டுச் சரிபார்ப்பதாக எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு பயிற்சி நாளுக்கு முன்னும் டயர், பிரேக் கட்டை, எண்ணெய்க்கென்று ஒரு தொகையை மூவரும் ஒரு பெட்டியில் போட வேண்டும். போடாதவன் அந்த நாள் பார்வையாளன்.

சண்டை வந்தது உடைவில். சாதாரணக் காப்புறுதி தடத்தில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தராது. ஆகவே ஓட்டியவன் மோதினால் ஓட்டியவன் கட்ட வேண்டும் என்றான் மருமகன். “அப்ப எஞ்சின் வெடிச்சா? கடைசியா மிதிச்சவன் தலையிலயா?” என்று நிந்தவூரான் எழும்பிவிட்டான். அது நியாயமான கேள்வி. எஞ்சின் கடைசி ஆளின் கையில் வெடிக்கிறது, ஆனால் அதை வெடிக்கவைத்தவர்கள் மூன்று பேரும். கொத்து வந்து ஆறிப்போகும் வரை வாதாடி இப்படி எழுதினோம்: வெளியே இடித்து நெளிந்தால் ஓட்டியவன் செலவு. உள்ளே தேய்ந்து உடைந்தால் பொதுப் பெட்டி. சூட்டு முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அது உள்ளே உடைந்தாலும் ஓட்டியவன் தலையில். ஒருவன் விலகினால் மற்ற இருவருக்கும்தான் முதலில் விற்க வேண்டும், விலையை வெளியாள் மெக்கானிக் ஒருவர் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குக் கொண்டுபோகக் கார் கேட்டால் கொடுப்பதில்லை. இந்தக் கடைசிச் சட்டத்துக்கு மூவரும் உடனே கையெழுத்திட்டார்கள், ஊர் அவர்களுக்குத் தெரியும்.

மிச்சக் காசைக் கட்டிக் காரை எடுத்து வர அடுத்த கிழமை கட்டார்த் தம்பியும் மருமகனும் போவார்கள். பெரகலை இறக்கத்தில் எஞ்சின் பிடியில் இரண்டாம் கியரில் இறங்க வேண்டும், வெல்லவாயவில் நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். நிறுத்தும் இடமும் முடிவாகிவிட்டது. சாய்ந்தமருதில் கடல் முகம், மருதமுனையிலும் அதே காற்று. ஆகவே நிந்தவூர் நெல் ஆலையின் களஞ்சிய அறை. உப்பு எட்டாது, கூரை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனால் நெல் உள்ள இடத்தில் எலி இருக்கும், எலிக்கு வயர் பிடிக்கும். எலி கடித்த வயரின் செலவு பொதுப் பெட்டியா, ஆலைக்காரனா என்று ஒப்பந்தத்தில் இல்லை. கார் வந்து சேருமுன் அதையும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். நிந்தவூரான் இன்னும் தாளைத் தரவில்லை.